சில்லாலைக்கு வந்த பிச்சைக்காரச் சாமியார்

யோசப் வாஸ் அடிகளாரைப் பற்றிக் கேட்டால் எங்கட ஆட்கள் உடனே மழைக் கதையைத்தான் சொல்லுவார்கள். கண்டியில் மழையில்லாமல் வயலெல்லாம் காய்ந்து கிடந்தது, அரசன் கேட்க அவர் வெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நட்டு, முழங்காலில் நின்று செபித்தார், மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் எனக்கும் இதைத்தான் சொல்லித் தந்தார்கள். நல்ல கதைதான். ஆனால் அவருடைய சரித்திரத்தில் என்னை அவ்வளவாகத் தொடாத பகுதியும் அதுதான். என் மனதில் நிற்கிற யோசப் வாஸ் மழை பெய்வதற்கு முதல் இருந்த ஆள். வயிற்றோட்டத்தில் ஊருக்கு வெளியே அநாதையாகக் கிடந்த ஆள். பத்து வருடத்துக்குக் கிட்ட இந்தத் தீவில் ஒரே ஒரு கத்தோலிக்கக் குருவாக, உதவிக்கு ஒருவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் நடந்து திரிந்த ஆள்.

அவர் ஏன் அப்படித் திரிய வேண்டி வந்தது என்று விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

1619ல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். நாற்பது வருடம் கூட முடியவில்லை, 1658 மாசியில் மன்னார் ஒல்லாந்தரிடம் விழுந்தது, ஆனியில் மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. வந்தவர்கள் கல்வீனிய சபைக்காரர். கம்பனிக்காரரும்கூட. இரண்டும் சேர்ந்தபோது கத்தோலிக்கருக்குக் கெட்ட காலம் தொடங்கியது. கம்பனியின் கண்ணில் கத்தோலிக்கன் என்றால் கோவாவில் இருக்கிற போர்த்துக்கேயனுக்கு ஆள். இன்றைக்கு இருப்பான், நாளைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவான் என்கிற பயம். குருமாரை எல்லாம் கப்பலேற்றி அனுப்பினார்கள். கோயில்களைத் தங்கள் பாவனைக்கு எடுத்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அந்த வருடமே கட்டளை பிறந்தது.

அதோடு தோம்பு வந்தது. ஊருக்கு ஊர் கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடம், அங்கே ஒரு சட்டம்பியார், அவருடைய கையில் தோம்பு. ஞானஸ்நானமும் கலியாணமும் அதில் பதியவேண்டும். பதியாவிட்டால் கலியாணம் செல்லாது, பிள்ளைக்கு முதுசம் கிடைக்காது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாவிட்டால் தண்டப் பணம். 1658ல் இருந்து சில வருடங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்த பால்தேயுஸ் பாதிரியார் தன் புத்தகத்தில் ஊர் ஊராகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று எங்கட ஊர்ப் பெயர்களை ஒரு ஒல்லாந்தப் பாதிரியின் எழுத்தில் வாசிக்கும்போது ஒரு மாதிரித்தான் இருக்கும். 1663ல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் 62 ஆயிரத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் என்று அவருடைய கணக்கு சொல்கிறது. தோம்பில் பெயர் இருந்தது, உண்மைதான். மனதில் என்ன இருந்தது என்பது தோம்பில் எழுதுகிற விசயம் இல்லையே.

இதில் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கருக்குச் செய்ததைப் போர்த்துக்கேயர் அதற்கு முதலே சைவருக்குச் செய்து முடித்திருந்தார்கள். 1621ல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தது பிலிப் தெ ஒலிவேரா. எங்கட வேதத்தின் பெயரில் நடந்த காரியம் அது. அதுக்கும் முதல், 1544ல், மன்னாரில் புதிதாக வேதத்தில் சேர்ந்த சனத்தைச் சங்கிலி மன்னன் வெட்டினான். யார் யாரை முதலில் அடித்தது என்று கணக்குப் பார்க்கப் போனால் ஒரு முடிவும் வராது. ஒல்லாந்தர் காலத்தில் சைவரும் ஒளித்துத்தான் கும்பிட்டார்கள். விரதச் சாப்பாடு சாப்பிட்ட வாழையிலையை ஒருவருக்கும் தெரியாமல் கூரைக்குள் செருகி வைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லுவார்கள். பக்கத்து வீட்டில் சைவக்காரன் இலையை ஒளிக்க, இந்த வீட்டில் வேதக்காரன் செபமாலையை ஒளித்திருக்கிறான். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே வாங்கில் இருந்து ஒல்லாந்தப் பாதிரியின் பிரசங்கத்தைக் கேட்டிருப்பார்கள். நினைக்கச் சிரிப்பும் வருகிறது, துக்கமாகவும் இருக்கிறது.

ஆக 1658ல் இருந்து 1687 வரைக்கும், முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய, கத்தோலிக்கருக்குச் சொந்தமாக நிலைத்த ஒரு குரு இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகக் கிடக்கிறவருக்கு அவஸ்தைப் பூசுதல் இல்லை. இப்போது இங்கே ஐரோப்பாவில் இரண்டு கிழமை தமிழ்ப் பூசை நடக்காவிட்டால் நாங்கள் முறைப்பாடு வைக்கிறோம். அப்போது பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, தானும் பிள்ளை பெற்று, ஒரு முறைகூட நன்மை வாங்காமல் இருந்திருக்கும். அந்த நேரத்தில் விசுவாசத்தைப் பிடித்து வைத்திருந்தது மூப்பரும் அண்ணாவியாரும், வீட்டில் இருந்த பெண்களும்தான். செபத்தை வாயால் சொல்லிப் பாடமாக்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். அவர்களில் அநேகருடைய பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. என்னைக் கேட்டால் யோசப் வாஸுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது இவர்களைத்தான்.

யோசப் வாஸ் பிறந்தது 1651 சித்திரை 21ல், கோவாவில் பெனாலிம் என்கிற ஊரில். கொங்கணி பேசுகிற பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். 1676ல் குருவானார். அந்தக் காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியர்களைச் சேர்ப்பதில்லை. கோயிலில் ஊழியம் செய்யலாம், சபைக்குள் வரக்கூடாது. கோவாவில் உள்ளூர்க் குருமார் சிலர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சிறு அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். யோசப் வாஸ் 1685ல் அதில் சேர்ந்து அதை ஒரு ஒழுங்கான ஒரட்டோரியன் சபையாக ஆக்கினார். பிறகு இலங்கைக்கு வந்த குருமார் எல்லாரும் இந்தச் சபைதான். யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரக் குரு ஒருவர் மன்னாரில் இறங்கியிருந்தால் அரை மணித்தியாலத்தில் பிடிபட்டிருப்பார். ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் எங்கட சனத்துக்குள் கலந்து நடக்கக்கூடியது எங்கட நிறத்தில் இருந்த ஆளால் மட்டும்தான். எந்தத் தோலைப் பார்த்துச் சபைகள் கதவைச் சாத்தினவோ அந்தத் தோல்தான் கடைசியில் உதவிக்கு வந்தது.

இலங்கைக்குப் போகவேண்டும் என்பது அவருக்கு 1681லேயே இருந்த ஆசை. மேலிடத்தில் கேட்டார். அங்கே இல்லை, கன்னடத்துக்குப் போ என்றார்கள். போனார். மூன்று வருடம் அங்கே வேலை செய்தார். கீழ்ப்படிதல் என்கிற சொல்லை எங்கட கோயில்களில் சில வேளை கண்டபடி பாவிக்கிறார்கள். மேலே இருக்கிறவர் சொன்னால் வாயை மூடு என்கிற மாதிரி. இவருடைய கதையில் அது வேறு மாதிரி இருக்கிறது. ஆசையை விடவும் இல்லை, அதற்காக முறித்துக்கொண்டு ஓடவும் இல்லை. கோவாவில் சபையின் தலைவராக்கினார்கள், அதையும் செய்தார். பிறகு அந்தப் பதவியை விட்டுவிட்டு 1686ல் யோவான் என்கிற பணியாளரையும் கூட்டிக்கொண்டு தெற்கே நடக்கத் தொடங்கினார்.

இனி வருகிற பகுதியை எங்கட ஆட்கள் கவனமாக வாசிக்கவேண்டும். ஏனென்றால் இது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை.

தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் கையில். குருவின் அங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் ஒரு துண்டோடு கூலியாள் மாதிரி வேசம் போட்டார். பூசைச் சாமான்கள் மூட்டைக்குள். 1687ல் ஒரு வள்ளத்தில் ஏறினார். கடலில் புயல். தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை. மன்னாரில் ஒதுங்கி, பிறகு யாழ்ப்பாணம் வந்து சேரும்போது வயிற்றோட்டம் பிடித்து எழும்ப முடியாத நிலை. தொற்று நோயாக இருக்கும் என்று ஊர்ச்சனம் பயந்து அவரை ஒதுக்கி விட்டது. கோவாவில் ஒரு சபைக்குத் தலைவராக இருந்த மனிதர் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு வெளியே சாகக் கிடந்தார். ஒரு பெண் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவள் யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. அந்தக் கஞ்சி வந்திருக்காவிட்டால் பிறகு நடந்த ஒன்றுமே நடந்திராது.

வேசம் மாறிப் பிரயாணம், வள்ளம், வயிற்றோட்டம், போய் இறங்கின இடத்தில் விலத்திப் போகிற சனம். 1980களிலும் 90களிலும் வெளிக்கிட்ட எங்களில் எத்தனை பேர் இதில் பாதியையாவது அனுபவிக்கவில்லை? ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. நாங்கள் உயிரைக் காப்பாற்ற வெளியே ஓடினோம். அவர் அதே பாதையால் ஆபத்துக்குள்ளே வந்தார்.

சுகம் வந்த பிறகு அவருக்கு அடுத்த பிரச்சினை. யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேட்க முடியாது. பிழையான ஆளிடம் கேட்டால் கோட்டைக்குச் செய்தி போகும். கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிச்சைக்காரன் கழுத்தில் என்ன கிடந்தால் யாருக்கு என்ன? ஆனால் அதைக் கண்டதும் ஒரு முகம் மாறும், ஒரு கண் கொஞ்சம் கூட நேரம் நிற்கும். அந்த முகத்தை அவர் தேடினார். நாட்கணக்காகத் தேடினார். கடைசியில் ஒரு வீட்டில் கண்டுபிடித்தார். அவர்களும் உடனே நம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒல்லாந்தர் அனுப்பின ஒற்றனாக இருந்தால்? இரண்டு பக்கமும் உயிர்ப் பயத்தோடு ஒருவரை ஒருவர் நம்பத் துணிந்த அந்த நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். கடவுளை நம்புகிறோம் என்று சொல்வது சுலபம். வாசலில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளை நம்புவதுதான் அப்போது அவர்களுக்கு இருந்த சோதனை.

அங்கிருந்து அவரைச் சில்லாலைக்குக் கொண்டு போனார்கள். பண்டத்தரிப்புக்குப் பக்கத்து ஊர். கத்தோலிக்கர் கூடுதலாகவும் உறுதியாகவும் இருந்த இடம். பகலில் ஒளிந்திருந்து இரவில் ஊர் ஊராகப் போனார். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு வேறு வீடு. நடுச்சாமத்தில் பூசை, விடியமுதல் அடுத்த இடம். முப்பது வருடம் காத்திருந்த சனம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றிருக்கும். ஒல்லாந்தச் சபையில் சேர்ந்திருந்தவர்களும் திரும்பி வந்தார்கள்.

இது எத்தனை நாள் மறைவாக இருக்கும்? 1689 நத்தார் இரவு. பூசைக்கு என்று சனம் கூடியிருந்த நேரம் பார்த்து ஒல்லாந்தச் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்தார்கள். நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். பீடத்துச் சாமான்களை உடைத்தார்கள். யோசப் வாஸ் மட்டும் அவர்களுடைய கையில் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் ஒல்லாந்தச் சபையை விட்டு வந்தவர்கள் எட்டுப் பேருக்குத்தான் பெரிய தண்டனை. சவுக்கடி. டொன் பேதுரு என்கிறவர் அந்த அடியில் செத்துப் போனார். மற்றவர்களைக் கோட்டை வேலைக்கு அடிமைகளாகப் போட்டார்கள்.

சரித்திரப் புத்தகங்களில் குரு தப்பியதைக் கடவுளின் அற்புதம் என்று எழுதுவார்கள். நானும் சின்ன வயதில் அப்படியே ஏற்றுக்கொண்டேன். பிறகு ஒரு கேள்வி வந்தது. குருவைக் காப்பாற்றினவர் டொன் பேதுருவை ஏன் விட்டார்? ஒரே இரவு, ஒரே செபம், ஒரே வீடு. 

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் வாசித்து வந்தது இல்லை. 1995 தை 21ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக்கு வந்து யோசப் வாஸை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அப்போது சண்டை நிறுத்தம். எங்கட சனத்துக்கும் ஒரு நம்பிக்கை இருந்த மாதம். சித்திரையில் அது முறிந்தது. ஆடி 9ல் நவாலியில் சென் பீற்றர்ஸ் கோயிலில் விமானக் குண்டு விழுந்தது. கோயிலில் இருந்தால் தப்பலாம் என்று நம்பி வந்து இருந்த சனம். நூற்றுக்கு மேல் செத்தார்கள். நவாலியில் இருந்து சில்லாலை சில மைல்தான். டொன் பேதுருவின் ஊர்ப் பக்கம்.

நான் அப்போது யேர்மனியில். யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் இல்லாத காலம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் கடிதம் வந்தது. நவாலியில் எங்களுக்கு நெருங்கின சொந்தம் ஒருவரும் சாகவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தா. பிறகு மாமாவைப் பற்றி எழுதியிருந்தா. மாமா கோயில் வேலை என்றால் முன்னுக்கு நிற்கிற மனிதர், திருநாளுக்குக் கொடியேற்றத்தில் இருந்து எல்லாம் அவர்தான். நவாலிக்குப் போய் உடல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர் அதற்குப் பிறகு செபத்துக்கு இருக்கவில்லையாம். ஒரு நாள் பின்னேரம் அம்மம்மாவோடு சண்டைக்குப் போயிருக்கிறார். "கோயிலுக்குள்ள இருந்த சனத்தையே காப்பாற்றாத கடவுளுக்கு எதுக்கம்மா செபமாலை?" என்று கேட்டாராம்.

அம்மம்மா சொன்ன மறுமொழியை அம்மா அப்படியே எழுதியிருந்தா. "எனக்குத் தெரியாது தம்பி. நேரம் போகுது, விளக்கைக் கொளுத்து."

மாமா விளக்கைக் கொளுத்திவிட்டு வெளியே போய் இருந்தாராம். அவ்வளவுதான். ஐப்பசி 30ந் திகதி வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனது அதே மாமாதான். நாவற்குழிப் பாலத்துக்கு இங்கால ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். மழை வேறு. அந்த நெரிசலிலும் அம்மம்மா செபமாலை சொல்லிக்கொண்டு போனாவாம், மாமா மறுமொழி சொல்லவில்லையாம், ஆனால் நிற்பாட்டச் சொல்லவும் இல்லையாம்.

அம்மம்மாவின் மறுமொழி சரியா பிழையா என்று நான் கனகாலம் யோசித்திருக்கிறேன். என்னுடைய கூட்டாளி ஒருவன், சைவக்காரன், அது மறுமொழியே இல்லை, கேள்வியில் இருந்து தப்பினது என்றான். இருக்கலாம். ஆனால் நத்தார் பிடிபாட்டுக்குப் பிறகு யோசப் வாஸ் என்ன செய்தார் என்று பார்க்கும்போது எனக்கு அம்மம்மாதான் ஞாபகம் வருகிறா. தனக்காக ஒரு மனிதன் அடிபட்டுச் செத்திருக்கிறான், ஏழு பேர் கல் சுமக்கிறார்கள். அது ஏன் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்குமா? அவர் கோவாவுக்குத் திரும்பியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் புத்தளத்துக்குப் போய் அங்கே இருந்த சனத்தோடு வேலையைத் தொடங்கினார். ஒரு வருடம் அங்கே.

1692ல் கண்டிக்குப் போனார். கண்டி ஒல்லாந்தருக்குக் கீழே இல்லை. சொந்த அரசன், இரண்டாம் விமலதர்மசூரியன். அங்கே நிலைத்தால் முழுத் தீவுக்கும் போய்வரலாம் என்பது அவருடைய கணக்கு. முறைப்படி அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் கண்டி அரசவையில் லனரோல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், கல்வீனிய சபை. வருகிறவன் போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசனிடம் சொல்லிவிட்டார். போன உடனே சிறை. கூட வந்த இரண்டு பேருக்கும் சிறை.

சில நாளில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. தப்பி ஓடாவிட்டால் சரி, ஊருக்குள் இருக்கலாம், வெளியேறக் கூடாது. (யேர்மனியில் எங்கட விசா விசாரணை முடியும்வரை மாவட்ட எல்லை தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார்களே, அதே சட்டம். பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போய் ரயிலில் பிடிபட்டுத் தண்டம் கட்டின பெடியள் இருக்கிறார்கள்.) யோசப் வாஸ் அந்த நேரத்தைச் சும்மா கழிக்கவில்லை. சிங்களம் படித்தார். முதலில் ஒரு கொட்டில் போட்டார், அதைக் கோயிலாக்கினார். சுற்றி இருந்த கைதிகளுக்கும், கண்டியில் குரு இல்லாமல் இருந்த பழைய போர்த்துக்கேயக் குடும்பங்களுக்கும் பூசை வைத்தார். சிறை வைத்தவனுடைய பாஷையைப் படிக்கிறதற்கும் ஒரு மனம் வேண்டும். எங்கட காம்பில் டொச் படிக்கமாட்டேன், எப்படியும் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நாலு வருடம் சீட்டு விளையாடினவர்களையும் எனக்குத் தெரியும், முதல் நாளே அகராதி வாங்கினவர்களையும் தெரியும்.

இதற்குள் ஒரு விசயத்தை வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. 1687ல் இருந்து அடுத்த குருமார் வந்து சேரும்வரை அவர் ஒருவர்தான் இருந்தார். எத்தனையோ ஆயிரம் பேரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். அவருடையதைக் கேட்க ஒருவரும் இல்லை. தான் செத்தால் அவஸ்தைப் பூச ஒருவரும் இல்லை. கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு இதைவிடப் பெரிய தனிமை இருக்காது. மற்றவர்களுக்கு அளக்காமல் கொடுத்ததைத் தனக்கு என்று வரும்போது கடவுளிடம் விட்டுவிட்டார். மழைக் கதையைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

மழைக்குப் பிறகு அரசன் அவருக்கு நடமாட அனுமதி கொடுத்தான். உடனே ஒல்லாந்தர் பகுதிக்குள் இறங்கிக் கொழும்பில் இருந்த கத்தோலிக்கரை ஒளிந்து சந்தித்துவிட்டுத் திரும்பினார். 1697 அளவில் கோவாவில் இருந்து அவருடைய சபைக் குருமார் வந்து சேர்ந்தார்கள். கொச்சி ஆயர் அவரை இலங்கைக்குத் தன்னுடைய பதில் குருவாக நியமித்த செய்தியும் வந்தது. கொஞ்சம் மூச்சு விடலாம் என்கிற நேரத்தில் கண்டியில் அம்மை போட்டது.

அந்தக் காலத்துப் பெரியம்மை. அரசன் தலைநகரை விட்டுப் போய்விட்டான். வசதி உள்ளவர்கள் போய்விட்டார்கள். நோய் வந்தவர்களைச் சொந்தச் சனமே காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. யோசப் வாஸும் புதிதாக வந்த கர்வாலோ என்கிற குருவும் கண்டியில் நின்றார்கள். காட்டுக்குள் கிடந்தவர்களுக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கஞ்சி காய்ச்சிப் பருக்கினார்கள். புண்ணைக் கழுவினார்கள். செத்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று பார்க்கவில்லை. மாதக்கணக்காக இது நடந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை. நோயைக் குணமாக்கினார் என்று யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. அநேகர் செத்துத்தான் போனார்கள். கழுவிவிட்ட பிறகு செத்தார்கள், தனியக் கிடந்து சாகவில்லை. பத்து வருடத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் தான் அப்படிக் கிடந்ததும் ஒருத்தி கஞ்சி கொண்டு வந்ததும் அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வந்திருக்காதா?

அரசன் திரும்பி வந்தபோது மனம் மாறியிருந்தான். மதம் மாறவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவருக்குக் கண்டியில் முழுச் சுதந்திரம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிறிஸ்தவ அரசாங்கம் கத்தோலிக்கக் குருவைத் தேடித் திரிய, கண்டியில் பௌத்த அரசன் பாதுகாப்புக் கொடுத்தான். இலங்கைச் சரித்திரத்தை இனமும் மதமுமாகக் கோடு போட்டுப் பிரிக்கிறவர்களுக்கு, எங்கட பக்கமும் சரி அவர்கள் பக்கமும் சரி, இந்த இடம் இடைஞ்சலாகத்தான் இருக்கும். 1707ல் அந்த அரசன் செத்து மகன் நரேந்திரசிங்கன் வந்த பிறகும் ஆதரவு குறையவில்லை.

1711 தை 16ல் யோசப் வாஸ் கண்டியில் இறந்தார். அறுபது வயதுகூட முடியவில்லை. சுடவில்லை, வெட்டவில்லை, நடந்து நடந்து உடம்பு தேய்ந்து, காய்ச்சலில் போனார்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 1796ல் ஆங்கிலேயர் வந்து, சமயத்துக்காக இருந்த கட்டாயங்கள் விலக, பால்தேயுஸ் காலத்தில் இருந்து எழுதிவந்த தோம்புக் கிறிஸ்தவம் கலைந்து போயிற்று. 1806ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த கிளோடியஸ் புக்கானன் என்கிற ஆங்கிலப் பாதிரியார் புரட்டஸ்தாந்து சபை அழிந்து கிடக்கிறதைப் பார்த்துக் கவலைப்பட்டு எழுதினார். பெரிய பெரிய ஒல்லாந்தர் கோயில்கள் ஆள் இல்லாமல் நின்றன. ஒளித்து வைத்திருந்த செபமாலைக்காரர் அப்படியே இருந்தார்கள். (பிறகு 1816ல் அமெரிக்கர் வந்து தொடங்கினது வேறு கதை, அவர்கள் பள்ளிக்கூடமும் வைத்தியமும் கொண்டுவந்தார்கள், தோம்பு கொண்டுவரவில்லை.)

யோசப் வாஸின் கடைசிக் காலத்தில், 1705ல், வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ். அவரும் கோவாக்காரர். தமிழையும் சிங்களத்தையும் எழுதுகிற அளவுக்குப் படித்தார். தபசு காலத்தில் எங்கட கோயில்களில் இராகம் போட்டு வாசிக்கிற வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதினது. அம்மம்மாவுக்கு அதில் பாதி மனப்பாடம். எழுத்து வாசிக்கத் தெரியாத மனுசி.

2015 தை 14ல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் யோசப் வாஸைப் புனிதராக அறிவித்தார். அன்றைக்குப் பின்னேரமே மடுவுக்குப் போனார். ஒல்லாந்தருக்குப் பயந்து 1670ல் மாந்தையில் இருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு ஓடின சனம் காட்டுக்குள் உண்டாக்கின இடம் அது. 1999 கார்த்திகையில் செல் விழுந்து அங்கே அடைக்கலம் இருந்தவர்கள் செத்தார்கள். 2008 சித்திரையில் சண்டை கிட்ட வர, குருமார் அதே மாதாவை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். முந்நூற்று முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு இன்னொரு முறை இடம்பெயர்வு. நான் இங்கே வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கம்பியூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். மடுவில் அந்தச் சனக்கூட்டத்துக்குள் வயது போன பெண்கள் சிலர் படங்களைக் கையில் வைத்திருந்தார்கள், காணாமல் போன பிள்ளைகளின் படங்கள். கமரா அதில் கொஞ்ச நேரம்தான் நின்றது.

மாமா இப்போது வன்னியில் இருக்கிறார். அண்மையில் கதைத்தபோது சில்லாலையில் புனித யோசப் வாஸுக்குத் திருநாள் வருகிறது, போகப் போகிறேன் என்றார். எப்போது மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. "நீ காசு அனுப்புறதெண்டா இப்பவே அனுப்பு, கொடிச்சீலை பழசாப் போச்சு" என்றார்.